உப்புக்கல் ஊரும் கண்டக் கழலையும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும் அங்கிருந்து செங்கலடிக்கும் செல்லும் வீதி, ஊவா மலைகளின் கிழக்குச் சரிவில் இறங்கத் தொடங்கும் பகுதியில் லுணுகலை அமைந்துள்ளது. சிங்களத்தில் ‘லுணு’ என்னும் சொல் உப்பையும் வெங்காயத்தையும் குறிக்கும். ‘கல’ என்பது கல். ஊர்ப்பெயர் எக்காரணத்தால் வந்திருந்தாலும், ‘உப்புக்கல்’ என்று பொருள்படும் ஓர் ஊர் நின்ற மலைநாடு நீண்ட காலம் உப்புக்காகக் கடற்கரையை நம்பியே வாழ்ந்தது. 1766ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் ஒல்லாந்தர் தீவின் கரையோரம் முழுவதையும் தம் வசமாக்கியபோது, கண்டி இராச்சியத்தார் உப்பளங்களில் உப்பெடுத்துக்கொள்ளும் உரிமை அதில் தனியாக எழுதப்பட்டதே அந்த நம்பியிருத்தலின் அளவைக் காட்டும். பொதிமாடுகளின் வரிசையான ‘தவளம்’, கீழைக் கரையிலிருந்தும் தெற்கின் உப்பேரிகளிலிருந்தும் உப்பையும் கருவாட்டையும் ஊவாவுக்கு ஏற்றி வந்து, பாக்கையும் மலைநாட்டு விளைபொருள்களையும் கீழே இறக்கியது.

ஆயினும் அந்த உப்பால் ஒரு நோயைத் தடுக்க முடியவில்லை. கடல்நீரில் அயடீன் இருக்கின்றபோதிலும், பாத்திகளில் வெயிலில் காய்ந்து படியும் உப்பில் அது ஏறக்குறைய எஞ்சுவதில்லை. எனவே மலைநாட்டார் எவ்வளவு உப்பு உண்டபோதும் அயடீன் குறைபாடு தீரவில்லை. அக்குறைபாட்டின் வெளிப்படையான அடையாளம் கழுத்தின் முன்புறத்தில் எழும் வீக்கமாகும். தமிழில் கண்டக் கழலை என்றும் கழுத்துக் கழலை என்றும் வழங்கும் அதனைச் சிங்களத்தார் ‘கலகண்டய’ என்பர். குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைரொயிட் சுரப்பி, அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனை உண்டாக்குகிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, வளர்ச்சி, கருவிலுள்ள குழந்தையின் மூளை விருத்தி ஆகியவை இந்த ஓமோனில் தங்கியுள்ளன. மூலப்பொருள் போதாதபோது, கிடைக்கும் சிறிதளவையும் விடாமல் பற்றிக்கொள்வதற்காகச் சுரப்பி பெருக்கிறது. அந்தப் பெருக்கமே கழலை.

இலங்கையில் இந்நோய் எங்கு பரவியிருந்தது என்பதை ஆராய்ந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே வரைபடத்தையே வரைந்தனர். டி. சி. வில்சன் இலங்கையையும் நைஜீரியாவையும் ஒப்பிட்டு 1954இல் வெளியிட்ட ஆய்வும், மகாதேவாவும் சண்முகநாதனும் 1967இல் வெளியிட்ட கட்டுரையும், மழை மிகுந்த தென்மேற்குத் தாழ்நிலத்தையும் மலைநாட்டையும் கழலைப் பிரதேசமாகக் காட்டின. 1986இல் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை காணப்பட்டது, மாத்தளையில் 6.5 ஆக இருந்த விகிதம் களுத்துறையில் 30.2 ஆக உயர்ந்தது. மேல், தென், சப்ரகமுவ, மத்திய மாகாணங்களோடு ஊவாவும் இப்பிரதேசத்தினுள் அடங்கும். எங்கும்போல இங்கும் ஆண்களைவிடப் பெண்களே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாயினர். பருவமடையும் வயதிலும் கருவுற்ற காலத்திலும் சுரப்பியின் வேலை கூடுவது இதற்கு ஒரு காரணம்.

மழையே அயடீனைக் கழுவிச் செல்கிறது என்பது நெடுங்காலம் பாடநூல்கள் தந்த விளக்கம். ஊவாவின் சரிவுகளில் நிகழ்ந்த மண்ணரிப்பை நோக்கும்போது அவ்விளக்கம் இயல்பானதாகவே தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. கோப்பியை அழித்த இலைத் துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையில்தான். கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை வந்தபோதும், ஒரு புல்லும் மிஞ்சாமல் களையெடுக்கும் பழக்கம் தொடர்ந்தது. தாய்மண்ணின் மேற்படை பல ஆண்டுகள் ஓடைகளில் சிவப்பு நீராகக் கீழே போயிற்று. மழையோடு காற்றிலிருந்து இறங்கி மேல்மண்ணில் தங்கும் அயடீனும் அதனுடன் போயிருக்க வேண்டும் என்று எண்ணுவதில் நியாயம் உண்டு. ஆனால் பின்னர் மண்ணை அளந்து பார்த்தபோது கிடைத்த விடை வேறாக இருந்தது. அதற்கு முன், அந்த மண்ணில் உழைத்தவர்கள் எந்த மண்ணில் விளைந்ததை உண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத் தமிழரின் உடல்நல வரலாற்றில் போதிய கவனம் பெறாத கேள்வி அதுவே.

தேயிலைத் தோட்டம் என்பது தான் விளைவிப்பதை உண்ணாத ஓர் ஊர். பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர் பள்ளத்தாக்கின் வயலில் விளைந்த நெல்லைக் குற்றி உண்டனர். அவர்களின் உடலிலிருந்த தாதுப்பொருள்கள் பெருமளவுக்கு அந்த வயலின் மண் கொடுத்தவை. ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்தவர்களோ தோட்டம் அளந்து போட்ட அரிசியை உண்டனர். அது இந்தியாவிலிருந்தும், பெருமளவில் பர்மாவிலிருந்தும் கப்பலில் கொழும்புக்கு வந்து, 1924இல் பதுளை வரை நீண்ட இரயில் பாதையாலும் வண்டிகளாலும் மலையேறிய அரிசி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தியத் தொழிலாளரின் நாட்கூலியை நிர்ணயித்தபோது, தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் அதனோடு சேர்த்தே கணக்கிட்டது. லயத்துப் பெண்ணின் குருதியில் ஓடிய இரும்பும் நாகமும் ஐராவதியின் கழிமுகத்து வண்டலிலிருந்து வந்தவையாக இருக்க, அவள் குடித்த பீலித் தண்ணீர் மட்டும் லுணுகலையின் மலையிலிருந்து வந்தது. வில்சன் முதலாகப் பலரும் கழலை மிகுந்த இடங்களின் நீரில் அயடீன் குறைவாக இருப்பதைக் கண்டனர். வறண்ட வலயத்தின் கிணறுகளில் அது நிறைந்திருக்க, மழைநாட்டின் ஊற்றுகளில் அருகியே காணப்படுகிறது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் இந்த அரிசி நின்றது. அதன் பின்னர் பங்கீட்டு அரிசி, 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தால் வந்த அரிசி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோதுமை மா என்று தோட்டத்து உணவு மாறியது. அரிசிக் கஞ்சியின் இடத்தை ரொட்டி பிடித்தது. விடியற்காலை நான்கு மணிக்கு லயத்துக் காம்பராவின் அடுப்படியில், துருவிய தேங்காயையும் மாவையும் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கையால் தட்டி, இரும்புத் தட்டில் போட்டு இருபுறமும் கருகச் சுட்டு, இரண்டைக் காலையில் தின்று, இரண்டைச் சம்பலோடு துணியில் சுற்றிக் கொழுந்தெடுக்கும் மலைக்குக் கொண்டுபோவது இன்றுவரை தொடரும் வழக்கம். மாவும் அரிதான 1973–74 பஞ்சக் காலத்தில் மரவள்ளியே பல குடும்பங்களைக் காத்தது. அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினியால் நேர்ந்த சாவுகள் மலையக வரலாற்றின் ஆறாத காயம். உயிரைக் காத்த அந்தக் கிழங்கிலும் ஒரு தீங்கு உண்டு. மரவள்ளியிலுள்ள சயனைட்டுச் சேர்மத்தை உடல் தயோசயனேற்று என்னும் பொருளாக மாற்றுகிறது. தயோசயனேற்று, சுரப்பிக்குள் அயடீன் நுழைவதைத் தடுக்கிறது. அயடீன் போதிய அளவு கிடைப்போருக்கு இது பொருட்டல்ல. கிடைக்காதோருக்கு இது குறைபாட்டின் மேல் ஏறும் இன்னொரு சுமை.

அயடீனைப் பற்றி இவ்வளவு அறிந்த பின்னும் மருத்துவர்களுக்குப் புரியாத ஒன்று இருந்தது. ஒரே அளவு அயடீன் உண்ணும் இரண்டு ஊர்களில் ஒன்றில் கழலை மிகுந்தும் மற்றதில் குறைந்தும் காணப்படுவது ஏன்? அதற்குரிய விடையின் ஒரு பகுதி செலீனியம் என்னும் தனிமத்தில் இருந்தது. சுவீடனின் பெர்சீலியசு 1817இல், கந்தக அமிலத் தொழிற்சாலையின் அடிமண்டியை ஆராயும்போது அதைக் கண்டு, சந்திரனுக்குரிய கிரேக்கப் பெயரை அதற்குச் சூட்டினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு அண்மைய காலம் அது நஞ்சாகவே கருதப்பட்டது. 1957இல் சுவாட்சும் ஃபோல்ட்சும் எலிகளில் செய்த சோதனையே அது உயிருக்கு இன்றியமையாதது என்று காட்டியது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 55 மைக்கிரோகிராம். மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலான தொலைவு மற்றத் தாதுக்களைக் காட்டிலும் குறுகியது. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்ப்பூர் மாவட்டங்களின் சில வயல்களில் மண்ணில் செலீனியம் மிகுந்ததால் கால்நடைகளின் குளம்பும் மனிதரின் முடியும் நகமும் உதிர்ந்தன. சீனாவின் கெஷான் மாவட்டத்திலோ அது அற்றுப்போனதால் பிள்ளைகளும் தாய்மாரும் இதயத் தசை நோயால் இறந்தனர்.

உடலுக்குக் கிடைக்கும் செலீனியத்தில், திசுவின் நிறைக்கு நிறை கணக்கிட்டால் மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்பது தைரொயிட் சுரப்பியே. சுரப்பியில் அது செய்யும் வேலை இரண்டு. சுரப்பி முக்கியமாக வெளிவிடுவது நான்கு அயடீன் அணுக்களைக் கொண்ட தைரொட்சின். அது பெரும்பாலும் சேமிப்பு நிலை. உடலின் கலங்களில் வேலை செய்வது மூன்று அயடீன் அணுக்களைக் கொண்ட வடிவம். ஓர் அணுவைக் கழற்றி முன்னதைப் பின்னதாக்கும் நொதியம், செலீனியம் இன்றி அமைய முடியாதது என்பதை 1990இல் பெர்லினில் பேனேயின் குழுவினரும் ஸ்கொட்லாந்தில் ஆர்தர், பெக்கெட் ஆகியோரும் காட்டினர். அந்த நொதியத்தின் நடுவில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலீனியத்தைக் கொண்ட ஓர் அமினோ அமிலம் அமர்ந்திருக்கிறது. இரண்டாவது வேலை காவல். ஓமோனை உண்டாக்குவதற்குச் சுரப்பி ஐதரசன் பரவொட்சைட்டைத் தானே சுரக்கிறது. காயங்களைக் கழுவப் பயன்படும் அதே பொருள். வேலை முடிந்ததும் எஞ்சியதைச் செலீனியம் கொண்ட வேறொரு நொதியம் நீராக்கி அடக்குகிறது. அயடீன் போதாமல் இடைவிடாது தூண்டப்படும் சுரப்பியில் இப்பொருள் மிகுந்து சுரக்கும்; அதை அடக்கச் செலீனியமும் இல்லையானால் சுரப்பியின் கலங்கள் எரிந்து நாராகிப் போகும்.

இவ்வுண்மை ஆய்வுகூடத்தை விட்டு வெளியே மனிதரில் காணப்பட்டது அன்றைய சயரில். அயடீனும் செலீனியமும் ஒருங்கே குறைந்து, மரவள்ளியும் அன்றாட உணவாக இருந்த அந்நாட்டு மக்களிடையே, தைரொயிட் சுருங்கி, வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பலர் இருந்தனர். கொன்டெம்ப்ரேயும் உடனிருந்தோரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகையோருக்குச் செலீனியத்தை மட்டும் கொடுத்தபோது நிலைமை மோசமானது பதிவாயிற்று. தைரொட்சினை மாற்றும் நொதியம் உயிர்பெற்று, இருந்த சிறிதளவு தைரொட்சினையும் செலவழித்துவிட, அதை மீண்டும் உண்டாக்க அயடீன் இல்லாமற் போயிற்று. முதலில் அயடீன், பின்னரே செலீனியம் என்ற வரிசை மருத்துவர்களுக்கு இவ்வாறு கற்பிக்கப்பட்டது. இன்று செலீனிய மாத்திரை கடையில் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் இந்தப் பாடம் இன்னும் உரத்துச் சொல்லப்பட வேண்டியது.

இலங்கையின் நிலையைப் பிரித்தானியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் ஃபோர்டைசும் இலங்கை ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டனர். கழலை அரிய, நடுத்தரமான, மிகுந்த கிராமங்கள் என மூன்றாக வகுத்து, அவற்றின் மண், அரிசி, குடிநீர் ஆகியவற்றையும் பெண்களின் தலைமுடியையும் அவர்கள் அளந்தனர். தலைமுடி, உடலில் செலீனியம் சேர்ந்த வரலாற்றைக் காட்டும் எளிய சான்று. பழைய விளக்கத்தை இவ்வாய்வு கவிழ்த்தது. கழலை மிகுந்த கிராமங்களின் மண்ணிலேயே அயடீனும் செலீனியமும் மிகுதியாக இருந்தன. மழை அவற்றைக் கழுவிச் செல்லவில்லை. களியும் உக்கிய சேதனப் பொருளும் அவற்றை இறுகப் பற்றிப் பயிரின் வேருக்கு விட்டுக்கொடாமல் வைத்திருந்தன. அதனால் எல்லாக் கிராமங்களின் அரிசியிலும் இரண்டும் குறைவாகவே காணப்பட்டன. கழலை அரிய, நடுத்தரமான கிராமங்களில் நூற்றுக்கு 24 பெண்களும், மிகுந்த கிராமங்களில் நூற்றுக்கு 40 பெண்களும் செலீனியக் குறைபாடு உடையோராக இருக்கக்கூடும் என்று முடி காட்டியது. குறைபாடு கழலைப் பிரதேசத்துக்கு வெளியேயும் இருந்ததால், செலீனியம் ஒன்றே நோய்க்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அயடீனோடு அதுவும் குறைவதும், வறிய உணவும், சில உணவுகளிலுள்ள கழலை தூண்டும் பொருள்களும் சேர்ந்து நோயை உண்டாக்கியிருக்கலாம் என்றே கூறினர். அந்த நிதானம் பாராட்டத்தக்கது.

இவ்வாய்வு கிராமத்தவரைப் பற்றியது. தன் வயலின் அரிசியை உண்போருக்கு மண்ணின் பிடி நேரே உடலில் தெரியும். லயத்தில் வாழ்வோருக்கு அந்தக் கணக்கு கடல் கடந்தது. கோதுமையிலுள்ள செலீனியம் அது விளைந்த நிலத்தைப் பொறுத்துப் பல மடங்கு வேறுபடும். கனடாவினதும் அமெரிக்காவினதும் புல்வெளிப் பிரதேசக் கோதுமையில் அது மிகுதி, ஐரோப்பியக் கோதுமையில் சிறிது. பிரித்தானியா கனடாக் கோதுமையைக் கைவிட்டு ஐரோப்பியக் கோதுமைக்கு மாறியபோது, அந்நாட்டாரின் நாளாந்தச் செலீனியம் 1970களின் ஏறத்தாழ 60 மைக்கிரோகிராமிலிருந்து 1990களில் 40க்கும் கீழே இறங்கியது. பின்லாந்தோ 1984இல் உரத்திலேயே செலீனியத்தைக் கலக்க முடிவெடுத்து, ஒரு நாடு முழுவதன் குறையைத் தீர்த்தது. இலங்கைக்குக் கோதுமை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா எனப் பல திசைகளிலிருந்து வந்தது. எந்த ஆண்டில் எந்தக் கப்பல் என்பதைப் பொறுத்து, ஒரே அடுப்பில் சுட்ட ஒரே ரொட்டியின் சத்து மாறியது. அரிசிக்குப் பதில் மாவைத் தின்ன நேர்ந்ததை மலையக மக்கள் இழப்பாகவே நினைவுகூர்கின்றனர். அந்த நினைவு நியாயமானது. எனினும் இந்த ஒரு தாதுவைப் பொறுத்தவரை, வட அமெரிக்கக் கோதுமை வந்த ஆண்டுகளில் ரொட்டி அரிசிக்குக் குறைந்ததல்ல. சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும், குழம்பில் விழும் நெத்தலியும் கடலின் செலீனியத்தை மலைக்கு ஏற்றின. ஆனால் இவை பெரும்பாலும் சம்பளம் கிடைத்த வாரத்தின் உணவுகள். மாதக் கடைசியில் வெறும் ரொட்டியும் சாயத் தண்ணீருமே மிஞ்சின.

அயடீனின் குறையை இறுதியில் உப்பே தீர்த்தது. மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் கலந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதி இலங்கையில் 1995இல் வந்தது. தொடக்கத்தில் பயன் மெதுவாகவே தெரிந்தது. கல்லுப்பைத் தூசு போகக் கழுவிப் பயன்படுத்தும் வழக்கத்தால் மேலே தெளித்த அயடீன் கழுநீரோடு போயிற்று. அடுப்புக்கு அருகே திறந்த பாத்திரத்தில் வைத்த உப்பிலிருந்து சூட்டிலும் ஈரத்திலும் அது குறைந்தது. வீங்கிய சுரப்பி சுருங்குவதற்கும் ஆண்டுகள் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் கணக்கெடுப்புகளில் பாடசாலைப் பிள்ளைகளின் கழலை விகிதம் 2001இல் இன்னும் 20.9 ஆகவே இருந்து, 2005இல் 3.8 ஆகவும் 2016இல் 1.9 ஆகவும் வீழ்ந்தது. இலங்கைப் பொதுச் சுகாதாரத்தின் பெரும் வெற்றிகளுள் இது ஒன்று. ஒரு தலைமுறைக்குள் கழலை அரிதாகிவிட்டது. இடையே ஓர் எச்சரிக்கையும் எழுந்தது. 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாடசாலை மாணவியர் பலரின் குருதியில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது உடல் தன் சுரப்பியையே அயலாகக் கருதி உண்டாக்கும் பொருள்கள், மிகுந்திருப்பதைக் கண்டு, திடீரெனக் கூடிய அயடீன் காரணமோ என வினவியது. சில ஆண்டுகளின் பின் அவற்றின் அளவு குறைந்தது. அயடீன் சுரப்பியை வந்தடையும் வேளையில் காவல் நொதியத்துக்குச் செலீனியம் இருப்பது அவசியம் என்பதோடு இதனைச் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

அயடீனை உப்பில் தெளிக்கலாம். செலீனியத்தை இலங்கையில் எவரும் எதிலும் தெளிக்கவில்லை. அது மீனோடும் முட்டையோடும் பருப்போடும் வரவேண்டும், அதாவது வருமானத்தோடு வரவேண்டும். கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் விளையும் மைசூர்ப் பருப்பை அளந்த தவராஜாவும் உடன் ஆய்வாளர்களும், அதன் 100 கிராமில் ஒருவரின் நாளாந்தத் தேவையில் நூற்றுக்கு 77 முதல் 122 பங்கு செலீனியம் இருப்பதைக் கண்டனர். இலங்கையில் சிறிதளவு குருதிச்சோகையுள்ள பிள்ளைகளுக்கு நாளுக்கு 50 கிராம் வீதம் 60 நாட்கள் அந்தப் பருப்பைக் கொடுத்தபோது, அவர்களின் குருதியில் செலீனியம் கூடியதை 2011இல் வெளியான முதற்கட்ட முடிவுகள் காட்டின. 50 கிராம் என்பது இரண்டு சிறு கைப்பிடி. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 6 கிலோ.

2022இன் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவும் பருப்பும் நெத்தலியும் பல மடங்கு விலையேறின. நாட்டின் மற்றத் துறைகளைவிடப் பெருந்தோட்டத்துறையிலேயே உணவுப் பாதுகாப்பின்மை கடுமையாக இருப்பதை உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் பதிவுசெய்தன. லயத்து அடுப்புகளில் ரொட்டி மெலிந்தது, பருப்பில் தண்ணீர் கூடியது, சம்பலில் மாசி மறைந்தது. அயடீன் கலந்த உப்பு மட்டும் வழக்கம்போலவே அவற்றில் விழுந்தது.